திரும்பும் சக்கரமும் நடக்கும் மனிதரும்

முன்னுரை

வழிகள் பிரியும் இடத்திற்குச் சங்க இலக்கியம் வழங்கிய பெயர்களுள் ஒன்று ‘கவலை’ என்பதாம். கவர்த்துச் செல்லும் வழி ஆதலின் அது கவலை எனப்பட்டது. இன்று அச்சொல்லை மனத்துயர் என்னும் பொருளில் மட்டுமே நாம் வழங்குகின்றோம். முச்சந்தி, நாற்சந்தி, சதுக்கம் என்பன வேறு பெயர்கள். தருமபுரி மாவட்டத்து மக்கள் ‘கூட்டுரோடு’ என்றும் ‘நாலு ரோடு’ என்றும் வழங்குவர். வழி பிரியும் இடமே கவலைக்குரிய இடமாகவும் ஆகிவிட்ட இக்காலத்தில், பழஞ்சொல்லின் இரு பொருளும் ஓரிடத்தில் வந்து பொருந்துகின்றன.

அரூர் வட்டத்தைச் சேர்ந்த தீர்த்தமலை பெருநகரன்று. தீர்த்தகிரீசுவரர் கோயில் கொண்ட மலையின் அடியில் அமைந்த ஊர். அங்குப் பேருந்தை விட்டு இறங்கும் ஒவ்வொருவரும் அடுத்த நொடியே நடப்பவராகிவிடுகின்றார். மலையேற வந்த முதியவர், பள்ளிக்குச் செல்லும் சிறுவர், அரூருக்குச் சென்று மீளும் உழவர் ஆகிய அனைவரும் சாலையின் ஓரத்தில் நின்று எதிர்ப்புறம் செல்லக் காத்திருப்பவர்களே. பெருநகரச் சந்திப்புகளில் சிக்னல் விளக்கும் காவலரும் உளர். சிற்றூர்ச் சந்திப்பிலோ நடப்பவரின் உயிர், திரும்பி வரும் வண்டியின் ஓட்டுநர் கண்ணில் அவர் படுகின்றாரா என்னும் ஒன்றையே நம்பியுள்ளது.

இந்திய நாட்டில் 2022ஆம் ஆண்டில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என நடுவண் அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட அறிக்கை கூறுகின்றது. அவர்களுள் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். அதாவது ஏறத்தாழ ஐவரில் ஒருவர். அவ்வாண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடே முதலிடத்தில் நின்றது. இங்கு நிகழ்ந்தவை 64,105.

நேர்ச்சாலையில் மிகு வேகத்தில் வரும் வண்டி ஒருவரை மோதுவதன் காரணம் எளிதில் விளங்கும். திருப்பத்தின் நிலை வேறு. அங்கு வண்டி வேகம் குறைந்தே வருகின்றது. ஓட்டுநர் உறங்கவில்லை, சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டே திருப்புகின்றார். அவ்வாறிருந்தும் அவர் முன் நடந்து செல்பவர் மோதப்படுவது ஏன்? “பார்த்துத்தான் திருப்பினேன்; அவர் எங்கிருந்து வந்தார் என்றே தெரியவில்லை” என்று ஓட்டுநர் கூறுவதைப் பலரும் கேட்டிருப்பர். இதனைப் பொய் என்று ஒதுக்கிவிடுதல் எளிது. பெரும்பாலும் அது பொய்யன்று என்பதும், அது மெய்யாக இருப்பதே நாம் அஞ்சத்தக்கது என்பதும் இக்கட்டுரையில் விளக்கப்படும்.

இடத் திருப்பமும் வலத் திருப்பமும்

நம் நாட்டில் வண்டிகள் சாலையின் இடப்புறம் செல்கின்றன; ஓட்டுநர் வண்டியின் வலப்புறம் அமர்கின்றார். இவ்விரண்டையும் மனத்திற்கொண்டால் பின்வருவன தெளிவாகும்.

கிளைச்சாலையிலிருந்து பெருஞ்சாலைக்கு இடப்பக்கமாகத் திரும்பும் ஓட்டுநருக்கு அச்சம் தரும் திசை ஒன்றே, அது வலத்திசை. பெருஞ்சாலையில் விரைந்து வரும் லாரியும் பேருந்தும் அத்திசையிலிருந்தே வரும். ஆதலால் அவர் கழுத்தை வலப்புறம் திருப்பி, வண்டிகளுக்கிடையே இடைவெளி எப்போது கிட்டும் என நோக்கியிருக்கின்றார். இடைவெளி கிட்டியதும் வண்டி நகர்கின்றது. ஆனால் கண் இன்னும் வலப்புறமே உள்ளது. இடப்புறத்திலிருந்து நடந்து வந்து அவ்வண்டியின் முன்னே கடப்பவர் அக்கண்ணில் படுவதில்லை.

பெருஞ்சாலையிலிருந்து கிளைச்சாலைக்கு இடப்பக்கம் திரும்புபவரைத் தடுக்க எதிர்வரும் வண்டி எதுவும் இல்லை. ஆதலின் அவர் வேகத்தைக் குறைக்கும் தேவையை உணர்வதில்லை. சிக்னல் உள்ள நகரங்களில் ‘ப்ரீ லெப்ட்’ என அறிவிப்பே வைத்து, நில்லாமல் செல்லும் உரிமையை அவருக்கு வழங்கிவிடுகின்றோம். அந்தக் கிளைச்சாலையின் வாயைக் கடந்துகொண்டிருப்பவருக்கு உரிமை உண்டா என்று எவரும் கேட்பதில்லை.

வலத் திருப்பம் இதனினும் கடினமானது. எதிர்த்திசையில் வரும் வண்டிகளின் குறுக்கே செல்ல வேண்டும். பின்னால் நிற்பவர் ஒலிப்பானை அழுத்துகின்றார். சிறிய இடைவெளி ஒன்று தோன்றுகின்றது. அது மூடுவதற்குள் பாய்ந்துவிட வேண்டும். அந்த ஒரு நொடியில் ஓட்டுநரின் அறிவு முழுவதும் எதிர்வரும் வண்டியின் தொலைவைக் கணக்கிடுவதில் செலவாகின்றது. திருப்பத்தின் முடிவில், கிளைச்சாலையைக் கடந்து செல்லும் மனிதரைக் காணும்போது வண்டி வேகம் பிடித்திருக்கும். அமெரிக்காவில் சாலையின் வலப்புறம் ஓட்டுவதால் அங்குள்ள இடத் திருப்பமே நம் வலத் திருப்பத்திற்கு ஒப்பானது. நியூயார்க் நகரப் போக்குவரத்துத் துறை 2010இல் வெளியிட்ட ஆய்வில், நடப்பவர்கள் பாதிக்கப்பட்ட விபத்துகளுள் அத்தகைய திருப்பத்தில் நிகழ்ந்தவை மறுபக்கத் திருப்பத்தில் நிகழ்ந்தவற்றைப்போல் மூன்று மடங்கு எனக் கண்டறியப்பட்டது.

மனம் நோக்கும் திசை

கண் என்பது சாளரம் போன்றது, அதன்முன் வருவனவெல்லாம் உள்ளே புகும் என்றே நாம் எண்ணுகின்றோம். உண்மை அதுவன்று. மனம் எதனைத் தேடுகின்றதோ அதனையே கண் காண்கின்றது. பந்தை எத்தனை முறை எறிகின்றனர் என எண்ணும் பணியைத் தந்து ஒரு படத்தைக் காட்டியபோது, அதன் நடுவே கொரில்லா வேடமிட்ட ஒருவர் நடந்து சென்றதைப் பார்த்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் காணவே இல்லை. சைமன்சு, சாப்ரிசு ஆகிய உளவியல் அறிஞர்கள் 1999இல் வெளியிட்ட இச்சோதனை உலகப் புகழ் பெற்றது. கண் திறந்திருந்தது, உருவம் கண்ணின்முன் சென்றது, மனம் அதனைப் பெற்றுக்கொள்ளவில்லை.

இவ்வுண்மையைச் சாலையிலேயே கண்டவர்கள் பின்லாந்து நாட்டு ஆய்வாளர்கள். சும்மலாவும் அவருடன் பணியாற்றியவர்களும் 1996இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், சந்திப்பில் திரும்பும் ஓட்டுநர்களின் தலை எப்பக்கம் திரும்புகின்றது எனக் கவனித்தனர். தமக்குக் கேடு விளைக்கக்கூடிய கார் வரும் பக்கத்தையே அவர்கள் நோக்கினர். சைக்கிளில் செல்பவர் வரும் மறுபக்கத்தை நோக்கத் தவறினர். கனடாவில் டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்ணின் அசைவைப் பதிவு செய்யும் கருவியை ஓட்டுநர்களுக்கு அணிவித்துச் சோதித்தபோது, 19 பேரில் 11 பேர் திரும்புமுன் நடப்பவரோ சைக்கிளில் செல்பவரோ வரக்கூடிய இடத்தைப் பார்க்கத் தவறினர். அவர்கள் புதிதாகப் பழகியவர்கள் அல்லர், ஓட்டிப் பழகியவர்களே.

இங்கு நுட்பமான அறம் ஒன்று மறைந்து கிடக்கின்றது. ஓட்டுநர் தமக்கு வரும் தீங்கின் திசையைப் பார்க்கின்றார். தம்மால் பிறர்க்கு நேரும் தீங்கின் திசையைப் பார்ப்பதில்லை. லாரி தம்மை நசுக்கும் என்பதை உடல் அறியும். ஆதலின் கண் தானே அங்குச் செல்கின்றது. நடப்பவர் தம்மை ஒன்றும் செய்யமாட்டார் என்பதையும் உடல் அறியும். ஆதலின் கண் அங்குச் செல்வதில்லை. இது தீய எண்ணத்தால் நேர்வதன்று. உயிர்களின் இயற்கை அது. அவ்வியற்கையை மாற்றிப் பழக்குவதே ஓட்டுநர் பயிற்சியின் உயிர்நாடியாக இருத்தல் வேண்டும்.

வண்டி மறைக்கும் மனிதர்

மனத்தின் குறையோடு வண்டியின் குறையும் சேர்கின்றது. காரின் முன்கண்ணாடிக்கும் முன்கதவுக்கும் இடையே கூரையைத் தாங்கும் தூண் ஒன்று இருபுறமும் உண்டு. வண்டி கவிழ்ந்தால் உள்ளிருப்பவர் நசுங்காமல் காப்பதற்காக அத்தூண் தடிமனாக அமைக்கப்படுகின்றது. உள்ளே இருப்பவரைக் காக்கும் அத்தூணே வெளியே நடப்பவரை மறைக்கின்றது. 12 சென்டிமீட்டர் அகலமுள்ள தூண் ஓட்டுநரின் கண்ணிலிருந்து 60 சென்டிமீட்டர் தொலைவில் இருப்பதாகக் கொள்வோம். இரு கண்களாலும் பார்த்தாலும், ஆறு மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் அகலம் முற்றிலும் மறைந்துவிடும். ஒரு மனிதர் முழுமையாக மறைந்து நிற்க அவ்விடம் போதுமானது.

நடப்பவர் நகர்ந்துகொண்டுதானே இருக்கின்றார், ஒரு நொடியில் தூணை விட்டு வெளிப்பட்டுவிட மாட்டாரா என வினவலாம். நேர்ச்சாலையில் அவ்வாறு வெளிப்படக்கூடும். திருப்பத்திலோ வண்டியும் திரும்புகின்றது. அதனோடு தூணும் திரும்புகின்றது. அதே திசையில் மனிதரும் நடக்கின்றார். இருவரின் நகர்வும் ஒத்துப்போகும்போது, வண்டி அருகில் வரும்வரை அவர் தூணின் மறைவிலேயே இருந்துவிடுகின்றார். நம் ஓரக்கண் அசைவனவற்றை விரைந்து கண்டுகொள்ளும் தன்மையது. தூணோடு தூணாக ஒரே கோணத்தில் நிற்பது போல் வருபவரிடம் அந்த அசைவும் புலப்படுவதில்லை. ஓட்டுநர் சற்றே முன்னும் பின்னும் சாய்ந்து பார்த்தாலன்றி இம்மறைவு நீங்காது.

வண்டி உயரமாக உயரமாக இம்மறைவு பெருகும். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனம் 2022இல் வெளியிட்ட ஆய்வு நடப்பவர் இறந்த விபத்துகளை ஆராய்ந்தது. அங்குள்ள இடத் திருப்பத்தில் அவ்வாறு உயிர் பறிக்கும் வாய்ப்பு, நேரே செல்வதோடு ஒப்பிடுகையில், சிறிய காரைக் காட்டிலும் எஸ்.யூ.வி. வகைக்கு ஏறத்தாழ இரு மடங்கும், பிக்கப் வகைக்கு ஏறத்தாழ நான்கு மடங்கும் ஆகும் என்பது அதன் முடிவு. லாரியின் ஓட்டுநர் வலப்புறம் உயரத்தில் அமர்ந்திருப்பதால், அவ்வண்டியின் இடப்பக்க முன்மூலையை ஒட்டி நிற்கும் சிறுவன் அவர் கண்ணுக்கு இல்லாதவனே. முன்னாளில் கிளீனர் இறங்கி நின்று கைகாட்டியதும், பேருந்தில் கண்டக்டர் விசில் ஒலித்ததும் வெறும் வழக்கமல்ல. ஓட்டுநருக்கு இல்லாத இடக்கண்ணாக அவர்கள் விளங்கினர்.

பின்சக்கரம் என்னும் மறைபொருள்

பெரிய வண்டி திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் செல்வதில்லை. திருப்பத்தின் உட்பக்கமாகக் குறுக்கிச் செல்கின்றது. எட்டாம் வகுப்பில் பயின்ற பிதாகரஸ் தேற்றமே இதனை விளக்கப் போதும். பேருந்தின் முன்சக்கரத்திற்கும் பின்சக்கரத்திற்கும் இடையே 6 மீட்டர் நீளம் எனக் கொள்க. முன்சக்கரம் 10 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் தொடர்ந்து சுழல்கின்றது எனவும் கொள்க. பத்தின் வர்க்கத்திலிருந்து ஆறின் வர்க்கத்தைக் கழித்தால் அறுபத்துநான்கு. அதன் வர்க்கமூலம் எட்டு. பின்சக்கரம் 8 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் செல்லும். அஃதாவது, முன்சக்கரத்தைவிட இரண்டு மீட்டர் உள்ளே அது வெட்டிச் செல்லும். சாலை முனையில் முழு வட்டம் நிகழாது என்பதால் இவ்வளவு சற்றுக் குறையலாம். எனினும் ஓர் ஆள் நிற்கும் இடத்தைக் காட்டிலும் அது பெரிதே.

இதனால் விளைவது யாது? முனையில் நிற்பவர் பேருந்தின் முன்பகுதி தம்மைத் தொடாமல் கடந்துவிட்டதைக் கண்டு ஆறுதல் அடைகின்றார். ஓரடி முன்னே எடுத்து வைக்கின்றார். அப்போதுதான் பின்சக்கரம் அவர் நின்ற இடத்தை நோக்கி வருகின்றது. முன்னே சென்றுவிட்ட ஓட்டுநருக்குப் பின்னே நிகழ்வது தெரிவதில்லை. லாரியின் இடப்பக்கமாக நுழைய முயலும் சைக்கிள்காரரும் இருசக்கர வண்டிக்காரரும் சிக்குவதும் இவ்வாறே. நம்மைப் போலவே இடப்புறம் ஓட்டும் ஜப்பானியர், உட்பக்கச் சக்கரத் தடத்தின் இவ்வேறுபாட்டிற்குத் தனிச்சொல்லே வைத்துள்ளனர். இடப்பக்கம் திரும்புமுன் தோளுக்குப் பின்னே தலையைத் திருப்பிப் பார்ப்பது அங்கு ஓட்டுநர் தேர்வில் கட்டாயப் பாடமாகும்.

சாலையின் வளைவு தரும் வேகம்

மனம், வண்டி ஆகிய இரண்டனோடு மூன்றாவதாக நிற்பது சாலையின் அமைப்பு. சந்திப்பின் முனை கூர்மையாக இருந்தால் வண்டி மெல்லவே திரும்ப முடியும். அகன்று வளைந்திருந்தால் வேகமாகத் திரும்பலாம். இதுவும் எளிய கணக்கே. உள்ளிருப்பவர் பக்கவாட்டில் சரியாமல் அமைதியாக அமர்ந்திருக்கத்தக்க அளவில் திரும்புவதாகக் கொண்டால், 5 மீட்டர் ஆரமுள்ள வளைவில் வண்டி மணிக்கு ஏறத்தாழ 14 கிலோமீட்டர் வேகத்தில் செல்லலாம். 15 மீட்டர் ஆரமுள்ள வளைவில் ஏறத்தாழ 24 கிலோமீட்டர் வேகத்தில் செல்லலாம்.

பதினான்கிற்கும் இருபத்துநான்கிற்கும் உள்ள வேறுபாடு சிறிது எனத் தோன்றும். ஆயின் மோதும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது ஆதலால், அது ஏறத்தாழ மூன்று மடங்காகின்றது. ஆபத்தை உணர்ந்து பிரேக்கை மிதிக்க ஒரு நொடி ஆகும் எனக் கொண்டால், முதல் வேகத்தில் வண்டி ஐந்து மீட்டருக்குள் நின்றுவிடும். இரண்டாம் வேகத்தில் நிற்க ஏறத்தாழப் பத்து மீட்டர் வேண்டும். தூணின் மறைவிலிருந்து ஒருவர் ஏழு மீட்டர் தொலைவில் வெளிப்படுகின்றார் எனில், முதல் ஓட்டுநர் “பார்த்துப் போங்க” என்று கடிந்துகொள்வார். இரண்டாம் ஓட்டுநர் அவரை மோதிவிடுவார். இருவரும் ஒரே கவனம் உடையவர்களாக இருத்தல் கூடும். வேறுபாடு சாலை முனையின் வளைவில் மட்டுமே உள்ளது.

பெரிய வண்டிகள் தடையின்றித் திரும்பட்டும் என்னும் நல்லெண்ணத்தால் நாம் முனைகளை அகலப்படுத்துகின்றோம். அதனால் சிறிய வண்டிகள் பறக்கின்றன. நடப்பவர் கடக்க வேண்டிய தொலைவும் நீள்கின்றது. போதாக்குறைக்கு அதே முனையில் ஆட்டோ நிற்கும். கரும்புச்சாறு வண்டி நிற்கும். வாழ்த்துப் பலகை நிற்கும். இவை ஒன்றுகூடி, கடக்க நிற்பவரை ஓட்டுநரிடமிருந்தும், திரும்பும் வண்டியைக் கடப்பவரிடமிருந்தும் மறைத்துவிடுகின்றன.

“குறுக்கே வந்து விழுந்தார்”

விபத்து நேர்ந்தவுடன் கூடும் கூட்டத்தில் முதலில் எழும் சொல் இதுவே. அடிபட்டவர் பெரும்பாலும் பேசும் நிலையில் இல்லை, ஓட்டுநர் பேசுகின்றார். அவர் கண்ட அளவில் அது உண்மையுமாகும். ஒரு நொடிக்கு முன் அவர் காட்சியில் இல்லாத மனிதர் மறுநொடி வண்டியின்முன் நின்றார். ஆனால் நடப்பவர் நிலையிலிருந்து இதனை எண்ணிப் பார்த்தவர் சிலரே.

ஏழு மீட்டர் அகலமுள்ள சாலையைக் கடக்க, நொடிக்கு 1.2 மீட்டர் நடக்கும் இளைஞருக்கு ஏறத்தாழ ஆறு நொடி ஆகும். நொடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் மூதாட்டிக்கு ஏறத்தாழ ஒன்பது நொடி ஆகும். மணிக்கு 24 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி அந்த ஒன்பது நொடியில் 60 மீட்டர் கடந்துவிடும். ஆகவே மூதாட்டி இருபுறமும் நன்கு பார்த்து அடியெடுத்து வைத்தபோது, அவரை மோதப்போகும் வண்டி அறுபது மீட்டருக்கு அப்பால், வேறொரு சாலையில், வேறொரு திசையை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. அது திரும்பப் போகின்றது என்பதற்கு அடையாளம் அதன் விளக்கு ஒன்றே. அவ்விளக்கைப் போடுபவர் எத்தனை பேர்? அவர் பார்க்காமல் வரவில்லை. அவர் பார்த்தபோது அந்த வண்டி அங்கே இல்லை.

சிறுவர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அவர்கள் உயரம் குறைந்தவர்கள். நிற்கும் காரின் மறைவிலேயே அடங்கிவிடுவர். வண்டியின் வேகத்தையும் தொலைவையும் இணைத்து மதிப்பிடும் ஆற்றல் அவர்களிடம் இன்னும் முதிரவில்லை. “பார்த்துப் போ” என்னும் அறிவுரை தேவையே. எனினும் அவ்வறிவுரை ஒன்றையே காவலாக வைத்து அவர்களை அனுப்புவது பெரியோர்க்கு அழகன்று.

தேர் கற்பிக்கும் பாடம்

தீர்த்தமலையில் மாசித் தேர்த்திருவிழா நடைபெறும். நம் நாட்டுப் பெருந்தேர்கள் எவற்றை நோக்கினும் ஒன்று புலப்படும். நேர்வீதியில் ஆரவாரத்துடன் இழுக்கப்படும் தேர், முனையை அடைந்ததும் நிற்கின்றது. முட்டுக்கட்டை போடுபவர்கள் சக்கரத்தருகே வருகின்றனர். வடம் பிடிப்பவர்க்குக் குரல் கொடுக்கப்படுகின்றது. உட்பக்கச் சக்கரத்தருகே எவரும் நிற்கலாகாதென மக்கள் விலக்கப்படுகின்றனர். தேர் அங்குலம் அங்குலமாகத் திரும்புகின்றது. நேர்வீதியைக் கடப்பதினும் முனை திரும்புவதற்கே மிகுந்த நேரம் ஆகக்கூடும். அதனை எவரும் குறை கூறுவதில்லை.

திரும்பும் சக்கரம் நேர்ச்சக்கரத்தினும் கொடியது என்பதை அனுபவத்தால் அறிந்த சமுதாயம் இது. நின்று, பார்த்து, ஆள் விலக்கி, மெல்லத் திருப்புதல் என்னும் முறை நம் வீதிகளில் என்றோ வகுக்கப்பட்டுவிட்டது. இயந்திர வண்டி வந்தபின் அம்முறையைக் கைவிட்டோம். பிற நாடுகள் இன்று பொருள் செலவிட்டுச் செய்வனவும் இதன் வேறு வடிவங்களே. நியூயார்க் நகரம் 2016 முதல் சந்திப்புகளின் நடுக்கோட்டில் தடுப்புகளை வைத்து, ஓட்டுநர் குறுக்கே வெட்டிச் செல்லாமல் சுற்றிவந்து திரும்புமாறு செய்தது. அதனால் திருப்பத்தின் வேகம் குறைந்தது. பல நகரங்களில் வண்டிகளுக்குப் பச்சை விளக்கு எரிவதற்கு மூன்று முதல் ஏழு நொடி முன்னரே நடப்பவர்க்கு விளக்கு எரிகின்றது. திரும்பும் வண்டி நகரத் தொடங்கும்போது அவர் சாலையின் நடுவே, கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருப்பார். இலண்டன் மாநகரம் கனரக லாரிகளின் ஓட்டுநர் இருக்கையிலிருந்து வெளியே எவ்வளவு தெரிகின்றது என அளந்து நட்சத்திரம் வழங்கும் முறையைக் கொணர்ந்தது. 2024 அக்டோபர் முதல் மூன்று நட்சத்திரத்திற்குக் குறைந்த லாரிகள் கூடுதல் பாதுகாப்புக் கருவிகளைப் பொருத்தினாலன்றி அங்கு நுழைய இயலாது. அமெரிக்காவின் நியூசெர்சி மாநிலத்து ஹோபோக்கன் நகரம் சந்திப்பு முனைகளில் வண்டி நிறுத்துவதைத் தடுத்துப் பார்வையைத் திறந்துவிட்டது. அதனுடன் பிற நடவடிக்கைகளையும் மேற்கொண்ட அந்நகரில் 2017 முதல் பல ஆண்டுகள் தொடர்ந்து ஒரு சாலை மரணமும் நிகழவில்லை.

சட்டம் கூறுவது

நம் நாட்டுச் சட்டம் இதில் ஊமையாக இல்லை. சாலைச் சந்திப்பையோ முனையையோ நடப்பவர் கடக்கும் இடத்தையோ நெருங்கும் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தல் வேண்டும் என 1989ஆம் ஆண்டின் சாலை விதிகள் பணித்தன. சந்திப்பின் அருகிலும் வளைவிலும் வண்டியை நிறுத்தலாகாது எனவும் அவை கூறின. அவற்றிற்கு மாற்றாக 2017இல் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள், காவலரோ விளக்கோ இல்லாத கடப்புக் கோட்டை நெருங்குபவர் வேகம் குறைத்து, நின்று, நடப்பவர்க்கு வழிவிட வேண்டும் என்கின்றன.

இத்துறையில் தமிழ்நாட்டுக்குப் பெருமை சேர்க்கும் செய்தி ஒன்றும் உண்டு. சாலை விபத்துகளில் சிதைந்த உடல்களை அறுவை மேசையில் கண்டு வந்த கோவை எலும்பு மருத்துவர் எஸ். இராஜசேகரன், 2012இல் உச்சநீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கில் 2014இல் நீதிபதி கே.எஸ். இராதாகிருட்டிணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைக்கப்பட்டது. 2025 மே மாதத்தில், நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு வழங்கும் வாழ்வுரிமையின் பகுதியே என அந்நீதிமன்றம் உரைத்தது. அதே ஆண்டு அக்டோபரில், நடப்பவர் பாதுகாப்புக்கான விதிகளை ஆறு திங்களுக்குள் வகுக்குமாறு மாநிலங்களுக்கு ஆணையிட்டது. ஆகவே நடப்பவர் சாலையில் இரந்து நிற்பவர் அல்லர், உரிமையோடு நிற்பவர்.

செய்யத்தக்கன

ஓட்டுநர் செய்யத்தக்கது முதலாவது. வேகத்தைத் திருப்பத்தின் நடுவில் குறைத்தல் போதாது. திரும்புமுன்னரே குறைத்தல் வேண்டும். வண்டி வரும் பக்கத்தைப் பார்த்தபின், நகர்த்துவதற்கு முன், செல்லப்போகும் பக்கத்தை ஒருமுறை பார்த்தல் வேண்டும். தூணின் மறைவை நீக்க உடலைச் சற்றே முன்னும் பின்னும் அசைத்தல் வேண்டும். இருசக்கர வண்டியில் கல்லூரிக்கு வரும் மாணவர்கள் இதனை இன்றே பழகலாம். அவர்களுக்குத் தூண் இல்லை, ஆயினும் தலைக்கவசத்தின் விளிம்பும் மனத்தின் அவசரமும் உண்டு.

நடப்பவர் அறியத்தக்கது இரண்டாவது. நேரே வரும் வண்டியை மட்டுமன்றித் திரும்பக்கூடிய வண்டியையும் நோக்குக. முன்சக்கரத்தின் கோணம் விளக்கைக் காட்டிலும் உண்மை பேசும். ஓட்டுநரின் கண்ணை நீங்கள் காண இயலவில்லை எனில், அவரும் உங்களைக் காணவில்லை என்றே கொள்க. பேருந்தும் லாரியும் திரும்பும்போது முனையின் விளிம்பை விட்டு இரண்டு மூன்று அடி பின்னே நிற்க. பின்சக்கரம் கடந்தபின்னரே அடியெடுத்து வைக்க.

இவ்விரண்டும் மறதிக்கு உட்பட்டவை. மறதிக்கு உட்படாதது மூன்றாவது. அது சாலையைத் திருத்துதல். இதற்கு ஊர்ப் பெரியவர்களும் ஆசிரியர்களும் முன்வருதல் வேண்டும். சந்திப்பு முனையிலிருந்து ஐந்து ஆறு மீட்டருக்குள் வண்டியும் கடையும் பலகையும் இராமற் செய்தல், வளைவைக் கூராக்கும் வகையில் முனையில் கற்களை நடுதல், கிளைச்சாலையின் வாயில் தாழ்வான வேகத்தடையும் கடப்புக் கோடும் அமைத்தல், முனையில் ஒரு நல்ல விளக்கு எரியச் செய்தல் ஆகியவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை. கிராம சபையில் ஒரு தீர்மானமும், நெடுஞ்சாலைத் துறைக்கு ஒரு விண்ணப்பமும் தொடக்கமாக அமையும். பள்ளி விடும் மணியிலும், வெள்ளிக்கிழமைத் தொழுகை முடியும் வேளையிலும், திருவிழா நாளிலும் முனையில் நின்று கைகாட்ட நம் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் இருவர் போதும்.

முடிவுரை

தேர்க்காலில் கன்று சிக்கிய கதையைத் தமிழர் இன்றும் மறக்கவில்லை. பெரியபுராணம் விரித்துரைக்கும் அவ்வரலாற்றில், மன்னன் மகன் கன்றைக் கொல்ல எண்ணித் தேரைச் செலுத்தவில்லை. கன்று தேர்க்காலில் அகப்பட்டதை அவன் காணவே இல்லை. அவனைக் காக்க அமைச்சர்க்குச் சொல் இல்லாமற் போகவில்லை. எனினும் “கன்று குறுக்கே வந்தது” என்னும் அளவோடு சோழன் அவ்வழக்கை முடிக்கவில்லை. பேசமாட்டாத உயிரின் தரப்பை முதலில் கேட்டான்.

அம்மன்னன் விதித்த தண்டனையை இக்காலம் வேண்டுவதில்லை. அவன் கேட்ட கேள்வியை வேண்டுகின்றது. கண் தவறும், மனம் தவறும், தூண் மறைக்கும், பின்சக்கரம் உள்ளே வெட்டும். இவற்றுள் எதனையும் முற்றிலும் ஒழித்துவிட மனிதரால் இயலாது. ஆனால் இத்தனை குறைகளையும் ஒருங்கே பொறுத்துக்கொள்ளும் ஆற்றல் ஒன்றிற்கு உண்டு. அது திருப்பத்தில் காட்டும் மெதுமை. மெல்லத் திரும்பும் வண்டியில் தவறு நேர்ந்தாலும் அதனைத் திருத்திக்கொள்ள நேரம் இருக்கும். விரைந்து திரும்பும் வண்டியில் சிறு தவறும் ஒரு குடும்பத்தின் இழப்பாக முடியும். ஊர்தோறும் சந்திப்புகளை அம்மெதுமைக்கு ஏற்ப அமைத்துக்கொள்வது நம் கையில் உள்ளது. சாலை முனையில் நாம் செலவிடும் நான்கு நொடிகள், எதிரே நடந்து செல்லும் எவரோ ஒருவருக்கு நாம் அளிக்கும் ஆயுள் ஆகும்.